லாரி என்ஜினின் இருக்கை

பழைய சரக்கு லாரிகளைப் பழுது பார்க்கும் பட்டறைகளில் அடிக்கடி எழும் முறையீடு ஒன்று உண்டு. "என்ஜின் ரப்பர் மாற்றி மூன்று மாதங்கூட ஆகவில்லை, மறுபடியும் அறுந்துவிட்டது" என்பதே அது. வண்டியின் உரிமையாளர் ரப்பரைச் செய்தவர்மீது குறை கூறுவார். பட்டறைக்காரர் ஓட்டுநரைக் குறை கூறுவார். ஓட்டுநரோ சாலையைக் குறை கூறுவார். இறுதியில் புதிய ரப்பர் ஒன்றை வாங்கிப் பூட்டுவார்கள். சில நாளில் அதுவும் அறும்.

மாணவ நண்பர்களே, அறுந்த ரப்பரைக் குற்றவாளி என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால், பெரும்பாலும் அது குற்றத்தைக் கண்ட சாட்சியாகவே இருக்கும். சாட்சியை விசாரியாமல் வெளியே எறிந்துவிட்டால் வழக்கு எவ்வாறு முடியும்? நோயையும், அதன் மூலத்தையும், அதைத் தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே மருத்துவன் செயலில் இறங்க வேண்டும் என்று மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்திருக்கிறார். அம்முறை இரும்புக்கும் ரப்பருக்கும் பொருந்தும். ஒரு பழைய லாரியின் என்ஜினும் கியர்ப் பெட்டியும் தம் இருக்கையிலிருந்து ஏன் பிசகுகின்றன, பிசகியதை எவ்வாறு கண்டுபிடிப்பது, எவ்வாறு சீர் செய்வது என்பவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் லாரியின் அமைப்பை மனத்தில் வரைந்துகொள்வோம். 1954ஆம் ஆண்டு முதல் ஜாம்ஷெட்பூரில் உருவான டாட்டா-மெர்சிடீஸ் லாரிகளும், எண்ணூரில் உருவான லேலண்டு காமெட் லாரிகளும் பல்லாண்டுகள் நம் நாட்டுச் சரக்கைச் சுமந்தவை. இவற்றில் என்ஜின் முன்புறத்தில் இருக்கும். அதன் பின்னே கிளச்சும், அதை அடுத்துக் கியர்ப் பெட்டியும் ஒன்றோடொன்று போல்டுகளால் இணைந்து ஒரே உடலாக நிற்கும். கியர்ப் பெட்டியின் வாலிலிருந்து நீண்ட குழாய் ஒன்று பின் அச்சுக்குச் செல்லும். அதற்குப் புரொப்பெல்லர் ஷாப்ட் என்று பெயர். என்ஜினும் கியர்ப் பெட்டியும் சேர்ந்த உடலின் எடை அரை டன்னை எட்டும். சில வண்டிகளில் அதற்கு மேலும் இருக்கும். இவ்வளவு எடையையும் வண்டியின் இரும்புச் சட்டத்தின்மேல் தாங்கி நிற்பவை மூன்று அல்லது நான்கு ரப்பர்க் கட்டைகளே. இரும்புத் தகடுகளுக்கு இடையே ரப்பரை ஒட்டிச் செய்த இக்கட்டைகளைத் தொழிலாளர் 'மவுண்டிங்' என்று அழைப்பர். நாமும் அவ்வாறே அழைப்போம்.

தொடக்க காலத்து மோட்டார் வண்டிகள் பலவற்றில் என்ஜினைச் சட்டத்தோடு இரும்புக்கு இரும்பாக இறுக்கியிருந்தார்கள். என்ஜினின் நடுக்கம் முழுவதும் வண்டிக்கும், வண்டியில் இருப்போர்க்கும் சென்றது. கந்தகம் கலந்து சூடேற்றினால் ரப்பர் உறுதி பெறும் என்பதைச் சார்ல்ஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் 1839ஆம் ஆண்டில் கண்டறிந்தார். ஆயினும், என்ஜினின் ஈர்ப்பு மையத்தைக் கணக்கிட்டு, அதற்கேற்ப ரப்பர் இருக்கைகளை அமைக்கும் முறை பெயர் பெற்றது 1931ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு கிறைஸ்லர் நிறுவனம் தன் பிளிமத் காரில் அம்முறையைக் கையாண்டு, அதற்கு 'மிதக்கும் சக்தி' என்று பொருள்படும் பெயரிட்டது. மறு ஆண்டே பிரான்சு நாட்டுச் சித்ரோவன் நிறுவனம் அதைத் தன் கார்களில் ஏற்றுக்கொண்டது. தன்னியல்பாக ஓர் அச்சைச் சுற்றி ஆட விரும்பும் பொருளை, அந்த அச்சைச் சுற்றியே சிறிது ஆட விட்டால், அதன் ஆட்டம் பிறரைத் தொல்லைப்படுத்தாது என்பதே அம்முறையின் கருத்து.

ஆகவே, மவுண்டிங்குக்கு மூன்று வேலைகள் உள்ளன. எடையைத் தாங்குதல் முதல் வேலை. நடுக்கத்தை விழுங்குதல் இரண்டாவது. என்ஜின் புரள முயலும்போது அதைப் பிடித்து நிறுத்துதல் மூன்றாவது. முதல் வேலை எல்லோருக்கும் தெரியும். மற்ற இரண்டையும் சற்று விளக்குவோம்.

ஆறு சிலிண்டர் கொண்ட நாலடி என்ஜின் ஒன்று, நிமிடத்திற்கு 600 சுற்று வீதம் மெதுவாக ஓடுவதாகக் கொள்வோம். அது விநாடிக்கு 10 சுற்று ஆகிறது. ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சிலிண்டர்களில் எரிபொருள் வெடிக்கும். எனவே விநாடிக்கு 30 தடவை என்ஜின் அதிர்கிறது. ரப்பரின்மேல் அமர்ந்த என்ஜினுக்கும், ஊஞ்சலைப் போல, தனக்கென ஓர் ஆடும் வேகம் உண்டு. புறத்திலிருந்து வரும் அதிர்ச்சியின் வேகம், அந்த இயல்பு வேகத்தைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தாண்டினால்தான் ரப்பர் நடுக்கத்தைக் குறைக்கத் தொடங்கும் என்று இயற்பியல் கூறுகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல வெப்பத்தாலும் காற்றாலும் ரப்பர் இறுகிப்போகிறது. இறுகினால் இயல்பு வேகம் கூடும். கூடிக்கொண்டே போய் 30ஐ நெருங்கும். அப்போது அறாத ரப்பரும் தன் வேலையைச் செய்யாது. நின்ற வண்டியில் கதவும் கண்ணாடியும் படபடவென்று அடித்துக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

மூன்றாவது வேலையே கடினமானது. ஒரு பொருளை நாம் வலப்புறமாகத் திருக முயன்றால், அது நம்மை இடப்புறமாகத் திருகும். இது நியூட்டன் வகுத்த விதி. என்ஜினும் கியர்ப் பெட்டியும் சேர்ந்து புரொப்பெல்லர் ஷாப்டை எவ்வளவு விசையுடன் திருகுகின்றனவோ, அவ்வளவு விசையுடன் அவ்வுடல் எதிர்ப்புறமாகப் புரள முயலும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். முதல் கியரில் வண்டி கிளம்பும்போது, என்ஜினின் முறுக்கு விசையைக் கியர்ப் பெட்டி பல மடங்காகப் பெருக்குகிறது. மவுண்டிங் தாங்க வேண்டியது அந்தப் பெருக்கிய விசையையே.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் பார்ப்போம். என்ஜினின் முறுக்கு விசை 35 கிலோகிராம்-மீட்டர் என்றும், முதல் கியர் அதை 7 மடங்காக்குகிறது என்றும் வைத்துக்கொள்வோம். கிடைப்பது 245. புரட்டும் விசை முழுவதையும் பின்புறத்து இரு மவுண்டிங்குகளே தாங்குவதாகவும், அவற்றிற்கு இடையே 70 சென்டிமீட்டர் தூரம் இருப்பதாகவும் கொண்டால், 245ஐ 0.7ஆல் வகுக்க, 350 கிலோகிராம் விசை வருகிறது. ஒரு பக்கம் இவ்விசை மேல் நோக்கித் தூக்கும். மறு பக்கம் கீழ் நோக்கி அழுத்தும். வண்டி நிற்கும்போது ஒவ்வொன்றும் 200 கிலோகிராம் சுமந்திருந்தால், கிளம்பும் நேரத்தில் ஒரு மவுண்டிங் 550 கிலோகிராம் சுமையால் நசுங்கும். மற்றொன்று 150 கிலோகிராம் விசையால் மேலே இழுபடும். நசுங்குவதை ரப்பர் நெடுங்காலம் பொறுக்கும். இழுபடுவதை அது எளிதில் பொறுப்பதில்லை.

எந்தப் பக்கம் மேலே இழுபடும்? முன்னால் நின்று பார்த்தால், பெரும்பாலான லாரி என்ஜின்கள் கடிகார முள்ளைப் போல வலஞ்சுழியாகச் சுழல்பவை. ஆகவே என்ஜினின் உடல் இடஞ்சுழியாகப் புரள முயலும். வண்டியின் இடப்பக்கம், அதாவது நம் நாட்டு வழக்கில் கிளீனர் அமரும் பக்கம், மேலே எழும். பின்னோக்கிச் செல்லும் கியரில் இது தலைகீழாக மாறி வலப்பக்கம் எழும். இச்சிறு உண்மை பழுதறியும்போது நமக்குப் பெரிதும் பயன்படும்.

ரப்பர் அறுவதால் நேரும் தீங்கு நடுக்கத்தோடு நின்றுவிடுவதில்லை. அறுந்த பக்கம் என்ஜின் தூக்கிக்கொண்டால், அதனோடு இணைந்த கம்பிகளும் குழாய்களும் இழுபடும். 1971ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 1965 முதல் 1969 வரையிலான ஷெவர்லே கார்களையும் இலகு லாரிகளையும், சுமார் 67 இலட்சம் வண்டிகளை, சீர் செய்வதற்காகத் திரும்ப அழைத்தது. இடப்புற மவுண்டிங் அறுந்தால் என்ஜின் மேலே எழும். எழுந்த என்ஜின் ஆக்ஸிலரேட்டரைத் தானே திறந்துவிடும். பிரேக்கிற்குத் துணை செய்யும் வெற்றிடக் குழாயும் கழன்றுவிடக்கூடும். ஓட்டுநர் காலை எடுத்த பிறகும் வண்டி பாயும். பிரேக்கை மிதித்தாலும் எளிதில் நில்லாது. என்ஜின் அளவுக்கு மேல் எழாதபடி ஒரு கம்பிவடத்தால் பிணைத்து அக்குறையைத் தீர்த்தார்கள். ஓர் உள்ளங்கை அளவுள்ள ரப்பரை நம்பி எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பதை இந்நிகழ்ச்சி காட்டும். நம் பழைய லாரியிலும் ஆக்ஸிலரேட்டர்க் கம்பி, கிளச்சுத் தண்டு, கியர்த் தண்டு, டீசல் குழாய், காற்றுக் குழாய் ஆகியவை சட்டத்துக்கும் என்ஜினுக்கும் இடையே பாலம் போல் செல்கின்றன. மேலும், சற்று முன்னால் ரேடியேட்டருக்கு எதிரே விசிறி சுழன்றுகொண்டிருக்கிறது.

இனி, நேர்கோட்டைப் பற்றிக் காண்போம். லாரியில் இரண்டு கோடுகளை நாம் காத்தல் வேண்டும். முதலாவதை உட்கோடு என்போம். என்ஜினின் கிராங்க் ஷாப்டும் கியர்ப் பெட்டிக்குள் நுழையும் ஷாப்டும் ஒரே அச்சில் இருப்பதே அது. இரண்டாவதை வெளிக்கோடு என்போம். கியர்ப் பெட்டியின் வாலும், புரொப்பெல்லர் ஷாப்டும், பின் அச்சின் மூக்கும் ஒன்றுக்கொன்று தக்க கோணத்தில் நிற்பதே அது.

வெளிக்கோட்டில் எல்லாம் ஒரே நேர்கோடாக இருக்க இயலாது. ஏனெனில் பின் அச்சு வில்லின்மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே ஷாப்டின் இரு முனைகளிலும் சிலுவை வடிவ இணைப்புகளை வைத்திருக்கிறார்கள். பட்டறையில் அதனைக் 'கிராஸ்' என்பர். அறிஞர்கள் அதை 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ராபர்ட் ஹூக்கின் பெயரால் வழங்குவர். இவ்விணைப்பில் ஒரு விந்தை உண்டு. ஒரு பக்கம் சீரான வேகத்தில் சுழன்றாலும், மறு பக்கம் சீராகச் சுழலாது. ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை முந்தி, இரு முறை பிந்தும். கோணம் 10 பாகையானால், ஒரு பக்கம் 1000 சுற்று வேகத்தில் சீராக ஓடும்போது, மறு பக்கத்தின் வேகம் 985க்கும் 1015க்கும் இடையே ஊசலாடும். கோணம் 3 பாகையானால் இந்த ஊசல் 998.6க்கும் 1001.4க்கும் இடையே அடங்கிவிடும். முதல் இணைப்பு செய்யும் இப்பிழையை இரண்டாம் இணைப்பு எதிராகச் செய்து அழித்துவிடும். ஆனால் அதற்கு இரு கோணங்களும் சமமாக இருத்தல் வேண்டும். ஷாப்டின் இரு முனைக் கவைகளும் ஒரே தளத்தில் இருத்தல் வேண்டும். கியர்ப் பெட்டியின் வால் சரிந்தால் இச்சமநிலை கெடும். கெட்ட பின், ஷாப்ட் ஒவ்வொரு சுற்றிலும் கியர்ப் பெட்டியை இரு முறை உலுக்கும். உலுக்கல் மவுண்டிங்கை அடையும். மவுண்டிங் மேலும் சரியும். நோய் தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது.

கோணமே இல்லாதிருப்பதும் நன்றன்று. கிராஸின் உள்ளே உள்ள ஊசி போன்ற உருளைகள் சிறிதேனும் உருண்டுகொண்டிருக்க வேண்டும். இல்லாவிடில் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் விழும். ஆகவே அரைப் பாகையேனும் கோணம் இருக்குமாறு அமைப்பர். இரு முனைக் கோணங்களுக்கும் உள்ள வேறுபாடு ஒரு பாகைக்குள் இருக்கட்டும் என்பது பொதுவாகக் கைக்கொள்ளும் விதி.

கோடு பிசகியதை எவ்வாறு அறிவது? வண்டியே சில அறிகுறிகளைக் காட்டும். வண்டி கிளம்பும்போது 'தொம்' என்ற ஓசை எழும். கிளச்சை விடும்போது வண்டி முழுவதும் குலுங்கும். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் கியர்த் தண்டு முன்னும் பின்னும் நகரும். ஓடும்போதே கியர் தானாக நழுவி விழும். புகைக் குழாயின் முதல் இணைப்பு அடிக்கடி வெடிக்கும். விசிறி உறையில் உராய்ந்த தடம் காணப்படும். இவற்றுள் எதுவும் மவுண்டிங்கின் பிழையை மட்டுமே குறிப்பதன்று. கிளச்சுத் தட்டில் எண்ணெய் பட்டாலும் வண்டி குலுங்கும். கியர்ப் பற்கள் தேய்ந்தாலும் கியர் நழுவும். எனவே காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிச் செல்லும் கேள்விகளைக் கேட்டல் வேண்டும்.

முதற் கேள்வி: வண்டி நிற்கும்போதே நடுக்கம் உண்டா? உண்டெனில் புரொப்பெல்லர் ஷாப்டின்மேல் குற்றம் சுமத்த முடியாது. அது சுழலவே இல்லை. என்ஜினையும் மவுண்டிங்கையும் நோக்க வேண்டும். இரண்டாம் கேள்வி: வெறுமையான சமச் சாலையில், ஒரே வேகத்தில், முதலில் ஒரு கியரிலும் பிறகு வேறொரு கியரிலும் ஓட்டினால் நடுக்கம் மாறுகிறதா? மாறினால் அது என்ஜினின் சுழற்சியைப் பின்பற்றுகிறது. மாறாவிட்டால் அது சக்கரத்தையோ ஷாப்டையோ பின்பற்றுகிறது. வெளிக்கோட்டை அளக்க வேண்டும். மூன்றாம் கேள்வி: வண்டி நிற்க, கியரைப் போட்டுக் கிளச்சை முழுதும் மிதித்திருக்கும்போது ஓசை எழுகிறதா? அவ்வேளையில் கிராங்க் ஷாப்ட் சுழல, கியர்ப் பெட்டியின் நுழைவு ஷாப்ட் நிற்கிறது. அவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில் உள்ள சிறிய பைலட் பேரிங் அப்போது சுழல்கிறது. கிளச்சை விலக்கும் பேரிங்கும் அவ்வேளையில் உழைக்கும். கியரில்லாமல் கிளச்சை மட்டும் மிதித்துப் பார்த்து, இவ்விரண்டையும் ஓரளவு பிரித்தறியலாம். பைலட் பேரிங் மீண்டும் மீண்டும் கெடுமானால், உட்கோட்டின்மேல் ஐயம் கொள்ளுதல் வேண்டும்.

அடுத்தது கண்ணால் காணும் சோதனை. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவர் முதல் கியரில் கிளச்சை மிக மெதுவாகச் சிறிதளவே விட வேண்டும். மற்றொருவர் பக்கவாட்டில் நின்று என்ஜினைக் கவனிக்க வேண்டும். வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ எவரும் நிற்றல் கூடாது. இடப்பக்கம் என்ஜின் தன் இருக்கையை விட்டு எழுந்தால் இடப்புற ரப்பர் அறுந்தது. பின் கியரில் வலப்பக்கம் எழுந்தால் வலப்புற ரப்பர் அறுந்தது. நிற்கும்போது என்ஜினின் எடையே அறுந்த இரு பகுதிகளையும் சேர்த்து அழுத்தி, விரிசலை மறைத்துவிடும். இச்சோதனையைச் செய்யாமல், விளக்கை மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு 'ரப்பர் நன்றாக இருக்கிறது' என்று சொல்வது இதனால்தான் பிழையாகிறது.

பிறகு அளத்தல். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சரக்கை இறக்கி, டயர்களில் சம அளவு காற்று இருப்பதைப் பார்த்துக்கொள்க. விலையுயர்ந்த கருவி இல்லாத இடத்தில், பள்ளியில் பயன்படுத்தும் பாகைமானியின் நடுப்புள்ளியில் நூலையும் சிறு குண்டையும் கட்டித் தொங்கவிட்டால் ஒரு சாய்வுமானி கிடைக்கும். அரைப் பாகையைப் பிரித்துக் காட்டும் அளவுக்குப் பாகைமானி பெரிதாக இருத்தல் நன்று. என்ஜின் உடலின் சாய்வு, புரொப்பெல்லர் ஷாப்டின் சாய்வு, பின் அச்சின் மூக்கினுடைய சாய்வு ஆகிய மூன்றையும் அளந்து சுண்ணக்கட்டியால் சட்டத்தின்மேல் எழுதுக. என்ஜின் 4 பாகையும், ஷாப்ட் 7 பாகையும், பின் மூக்கு 4 பாகையும் பின்னோக்கித் தாழ்ந்திருந்தால், இரு இணைப்புகளிலும் 3 பாகைக் கோணம் வருகிறது, நன்று. பின்புற ரப்பர்கள் அமுங்கிப் போய், என்ஜின் 4.7 பாகையும் ஷாப்ட் 6.5 பாகையும் ஆகிவிட்டன என்று கொள்வோம். முன் இணைப்பில் 1.8, பின் இணைப்பில் 2.5. வேறுபாடு 0.7 பாகை. இன்னும் சற்றுச் சரிந்தால் எல்லை கடந்துவிடும். முன், பின் மவுண்டிங்குகளுக்கு இடையே ஒரு மீட்டர் இருந்தால், 12 மில்லிமீட்டர் அமுங்கினாலே என்ஜினின் சாய்வு 0.7 பாகை மாறிவிடும் என்பதைத் திரிகோண கணிதம் பயின்றவர்கள் எளிதில் சரிபார்க்கலாம். இரு துண்டாக அமைந்த நீண்ட ஷாப்டாயின், நடுவிலுள்ள தொங்கு பேரிங்கையும் அதன் ரப்பரையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும்.

உட்கோட்டை அளக்கக் கியர்ப் பெட்டியை இறக்க வேண்டும். சுழல் சக்கரத்தின்மேல் டயல் கேஜ் ஒன்றைப் பொருத்தி, அதன் முள் கிளச்சு உறையின் வட்ட வாயைத் தொடுமாறு வைத்து, சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு உறையின் முகத்தையும் அவ்வாறே அளக்க வேண்டும். பெரிய லாரிகளில் மொத்த வேறுபாடு சுமார் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பர்; அந்தந்த வண்டியின் கையேடு கூறும் அளவே முடிவானது. வட்ட வாயில் கேஜ் 0.2 காட்டினால், அச்சு விலகியிருப்பது அதில் பாதி, 0.1 மில்லிமீட்டர்தான் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இவ்விலகலுக்குக் காரணம் பல வேளைகளில் மிகச் சிறியதாக இருக்கும். இரு முகங்களுக்கு இடையே சிக்கிய பழைய வண்ணப்பூச்சு, ஒரு பிசிறு, முன்பு கழற்றியவர் மீண்டும் பொருத்த மறந்த ஒரு வழிகாட்டும் முளை ஆகியவையே அவை.

நோயைக் கண்டோம். இனி நோயின் மூலத்தைக் காண்போம். ரப்பர் ஒரு பக்கம் மட்டும் உப்பி, மென்மையாகி, கையில் ஒட்டுகிறதா? எண்ணெய் ஒழுகுகிறது. இயற்கை ரப்பருக்கு என்ஜின் எண்ணெய் பகை. ஒழுக்கை அடைக்காமல் ரப்பரை மாற்றிப் பயன் இல்லை. ரப்பர் காய்ந்து வெடித்திருக்கிறதா? புகைக் குழாயின் வெப்பம் தாக்குகிறது. மறைப்புத் தகடு கழன்றிருக்கலாம். ஒட்டிய தகட்டிலிருந்து ரப்பர் நேராகப் பிரிந்திருக்கிறதா? மேல் நோக்கிய இழுப்பு அதைப் பிரித்திருக்கிறது. அளவுக்கு மேற்பட்ட சரக்கோடு மேட்டில் கிளம்புதலும், கிளச்சை உதறி விடுதலும் காரணமாகலாம். ரப்பர் பக்கவாட்டில் முறுக்கிக்கொண்டு அறுந்திருக்கிறதா? அது பூட்டும்போதே முறுக்கிப் பூட்டப்பட்டது. அல்லது சட்டம் கோணியுள்ளது. பழைய லாரியில் குறுக்குச் சட்டத்தின் தறையாணிகள் தளர்ந்திருக்கலாம்; மவுண்டிங்கைத் தாங்கும் கை வெடித்திருக்கலாம். அவ்விடத்தில் துருவின் செம்பொடி கோடிட்டிருந்தால், அங்கே இரும்பு இரும்போடு உராய்கிறது என்று அறிக. பின் வில்லின் நடு போல்ட் முறிந்து அச்சு நகர்ந்திருப்பதும், வில்லின் தகடுகள் தளர்ந்து பின் மூக்கின் கோணம் மாறியிருப்பதும் உண்டு. அந்நிலையில் புத்தம் புதிய மவுண்டிங்கும் நெடுநாள் உழைக்காது.

தணிக்கும் வழி இப்போது தெளிவாகிவிட்டது. முதலில் மூலத்தைச் சீர் செய்க. பின்னர் பாட்டரி இணைப்பைக் கழற்றி, பலகை வைத்து ஜாக்கியால் என்ஜினைத் தாங்குக. எண்ணெய்த் தொட்டியின் மெல்லிய தகட்டில் ஜாக்கியை நேராக வைத்தால் தகடு நசுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி எவரும் கீழே படுத்தல் கூடாது. உறுதியான தாங்குகட்டைகள் வேண்டும். மவுண்டிங்குகளை ஒன்றாக மாற்றுக. ஒன்று பழையதாகவும் மற்றொன்று புதியதாகவும் இருந்தால், ஒன்று அமுங்கும்; மற்றொன்று அமுங்காது. அதனாலேயே என்ஜின் சாயும். எல்லாப் போல்டுகளையும் முதலில் கையால் மட்டும் திருகி, என்ஜினின் எடையை மெதுவாக ரப்பர்கள்மேல் இறக்கி, அதனைச் சற்று ஆட்டி, தனக்கு இயல்பான இடத்தில் அமர விடுக. அதன் பிறகே கையேட்டில் கண்ட வரிசைப்படியும், கண்ட அளவுப்படியும் இறுக்குக. போல்ட் துளைகள் நேராக நில்லாவிட்டால், கடப்பாரையால் நெம்பிச் சேர்க்காமல், ஏன் நில்லவில்லை என்று மறுபடியும் ஆராய்க. உயரம் குறைந்திருந்தால் அளந்தறிந்த கனத்தில் தகடு செருகலாம்; அளக்காமல் செருகுதல் கூடாது. கியர்ப் பெட்டியை மீண்டும் ஏற்றும்போது, அதன் எடை கிளச்சுத் தட்டின்மேல் தொங்காதபடி தாங்கிப் பிடித்தல் வேண்டும். எல்லாம் முடிந்தபின் கிளச்சுத் தண்டையும் ஆக்ஸிலரேட்டர்க் கம்பியையும் புதிதாகச் சரிசெய்து, மூன்று சாய்வுகளையும் மறுபடி அளந்து, பழைய எண்களுக்கு அருகே எழுத வேண்டும்.

சிலர் அறுந்த ரப்பருக்குப் பதிலாகப் பழைய டயர்த் துண்டை வெட்டி வைப்பார்கள். சிலர் இரும்புக் கட்டையையே வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். அவசரத்தில் வண்டியைப் பட்டறை வரை கொண்டு சேர்க்க ஒரு வழி தேடுவது வேறு. அதையே பழுது பார்த்ததாகக் கருதுவது வேறு. டயர்த் துண்டு எடையைத் தாங்கும். ஆனால் மேல் நோக்கிய இழுப்பைப் பிடிக்காது. இரும்புக் கட்டை இழுப்பைப் பிடிக்கும். ஆனால் சட்டம் கோணும்போதெல்லாம் அக்கோணலை என்ஜினின் வார்ப்பிரும்புக் காதுக்கு அனுப்பிவிடும். சில நூறு ரூபாய் ரப்பரைக் காக்க எண்ணி, கிளச்சு உறையையே உடைத்துக்கொண்டவராவோம். ஒரே லாரியை வைத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இது பெரிய இழப்பு. அதனினும் பெரிய இழப்பு, மலைச் சரிவில் ஆக்ஸிலரேட்டர்க் கம்பி இழுபட்டுக்கொள்ளும்போது நேரக்கூடியது.

மாணவ நண்பர்களே, நெம்புகோலும், முறுக்கு விசையும், ஊசலும், திரிகோண கணிதமும் உங்கள் பாடநூல்களில் தனித்தனி அதிகாரங்களாக இருக்கின்றன. ஒரு பழைய லாரியின் அடியில் அவை நான்கும் ஒன்றாகக் கூடியிருக்கின்றன. வாய்ப்பு நேரும்போது ஒரு நல்ல பட்டறைக்குச் சென்று பாருங்கள். அறுந்த ரப்பரை வெளியே எறியாமல், விளக்கின் அருகே திருப்பித் திருப்பிப் பார்த்து, அது எப்பக்கம் அறுந்தது, எவ்வாறு அறுந்தது என்று கேட்கும் மேஸ்திரியைக் கண்டால் அவர் அருகே சிறிது நேரம் நில்லுங்கள். அளந்த எண்ணைச் சுண்ணக்கட்டியால் சட்டத்தில் எழுதும் பழக்கமும் அவரிடம் இருக்குமாயின், அவரிடம் கேட்டுக் கற்க வேண்டியவை உங்களுக்கு நிரம்ப உண்டு.